அப்பாவின் கம்ப்யூட்டருக்கு நாலு கோர்

கும்பகோணத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. 2009-ல் வாங்கியது. இன்டெல் பென்டியம் டூயல் கோர் ஈ5200 பிராசசர் (கம்ப்யூட்டரின் மூளை, அதில் இரண்டு கோர், அதாவது வேலை செய்யும் இரண்டு ஆட்கள்), ஜி31 சிப்செட் (பிராசசரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சில்லு) உள்ள மதர்போர்டு, 2 ஜிபி ராம், 160 ஜிபி ஹார்ட் டிஸ்க். அந்தக் காலத்தில் பாதி டிடிபி கடைகளில் இருந்த அதே கூட்டணிதான். அப்பா அதில்தான் கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் செய்வார். 2014-ல் கடையை மூடினார். கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்தது, பழைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அதன் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

அவர் வேலை செய்வது பேஜ்மேக்கர் 7 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில். அடோபி அதை 2001-ல் வெளியிட்டதோடு சரி, அடுத்த பதிப்பு வரவேயில்லை. அப்பாவுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை, "மாறாம இருக்கறது நல்லதுதானே" என்பார். டிவிஎஸ் கோல்டு கீபோர்டில் டக்டக்கென்று பாமினி என்ற தமிழ் விசையமைப்பில் அடித்துக்கொண்டே போவார், தெருமுனைவரை கேட்கும். அவருடைய தமிழ் எழுத்துரு மென்பொருளுக்கு ஒரு பூட்டு உண்டு: பேரலல் போர்ட்டில், அதாவது பழைய பிரிண்டர் மாட்டும் இடத்தில், செருகும் டாங்கிள் என்ற சின்னத் துண்டு. அது செருகியிருந்தால்தான் எழுத்துரு வேலை செய்யும். இப்போது வரும் கம்ப்யூட்டர்களில் பேரலல் போர்ட்டை எங்கே தேடுவது? "தூக்கிப் போட்டுட்டு புதுசா ஒண்ணு வாங்கிடேன்" என்று எல்லோரும் எனக்குச் சொன்ன அறிவுரை அந்த டாங்கிளில் வந்து முட்டிக்கொண்டு நின்றுவிடும்.

சரி, கதை 2020 ஜூனில் ஆரம்பிக்கிறது. சென்னையிலிருந்து நாங்கள் மூன்று பேரும் ஊருக்கு வந்துவிட்டோம். என் லேப்டாப்பில் என் ஆபீஸ், மனைவியின் லேப்டாப்பில் அவளுடைய ஆபீஸ், ஐந்தாம் வகுப்பு மகளின் ஆன்லைன் வகுப்புக்குத் தாத்தாவின் கம்ப்யூட்டர். ஒரு வெப்கேம் வாங்கி மாட்டிவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். முதல் நாள் வகுப்பு தொடங்கி கால் மணி நேரத்தில் மகள் மாடிக்கு ஏறி வந்தாள்.

"அப்பா, மிஸ் ரோபோ மாதிரி பேசறாங்க."

நெட்தான் காரணம் என்று நினைத்து பிளானை மாற்றினேன், ரூட்டரை முன்னறைக்கே கொண்டுவந்து வைத்தேன், கேபிளும் இழுத்துப் போட்டேன். ரோபோ ரோபோவாகவே இருந்தார். கடைசியில்தான், பிராசசர் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்க்கத் தோன்றியது (முதலில் பார்த்திருக்க வேண்டியது அதைத்தான், ஆனால் அன்றைக்கு நாட்டில் எல்லோருமே நெட்டைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள்). இரண்டு கோர்களின் கோடும் உச்சியில் போய் ஒட்டிக்கொண்டு கீழே இறங்கவேயில்லை. 100 சதவீதம்.

காரணம் இதுதான். வீடியோ சுருக்கப்பட்டுத்தான் நெட் வழியாக வருகிறது, அதை விரித்துக் காட்ட வேண்டும். இப்போதைய கம்ப்யூட்டர்களில் அந்த வேலைக்கென்றே கிராபிக்ஸ் பகுதிக்குள் தனிச் சுற்று இருக்கும், பிராசசருக்கு அந்தச் சுமை தெரியவே தெரியாது. ஜி31-க்குள் இருப்பது ஜிஎம்ஏ 3100 என்ற கிராபிக்ஸ். டிவிடி காலத்து வீடியோவுக்கு அது கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான். விபி8, விபி9 என்று மீட்டிங்கில் வரும் வீடியோ சுருக்க முறைகளை அதற்கு யாரென்றே தெரியாது. ஆக முப்பது பிள்ளைகளின் கட்டங்களையும் மிஸ்ஸின் முகத்தையும் விரித்துப் போடுவது, கூடவே நம் வெப்கேம் படத்தைச் சுருக்கி அனுப்புவது, குரலைப் பார்ப்பது, எல்லாமே ஈ5200-ன் தலையில். 2008-ல் வந்த பிராசசர் அது. அதைக் குறை சொல்வது நியாயமில்லை.

அப்போதுதான் பிராசசரை மாற்றலாம் என்ற ஆசை வந்தது. ஆசை என்றுதான் சொல்ல வேண்டும், பாதி தேவை என்றால் மீதி பழைய ஏக்கம். பள்ளி விடுமுறையில் நான் கம்ப்யூட்டர் படிக்கப் போன சென்டரில் ஒரு 486 இருந்தது. கேபினட்டின் முகப்பில் டர்போ என்று ஒரு பட்டன், பக்கத்தில் சிவப்பு எழுத்தில் 66 என்று ஒளிரும் சின்ன டிஸ்பிளே. பட்டனை அமுக்கினால் 33 ஆகும், மறுபடி அமுக்கினால் 66. அந்த 66-ஐப் பார்ப்பதற்காகவே அந்த மிஷினுக்குச் சண்டை நடக்கும். பல வருஷம் கழித்துத் தெரிந்தது, அந்த டிஸ்பிளேவுக்கும் பிராசசருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உள்ளே ஜம்பர் என்ற சின்னச் செருகியை மாற்றிச் செருகினால் 99 என்றுகூடக் காட்டும். அந்த பட்டனின் உண்மையான வேலையும் வேகத்தைக் கூட்டுவது இல்லை, பழைய கேம்களும் புரோகிராம்களும் தாறுமாறாக ஓடாமல் இருக்க மிஷினை மெதுவாக்குவது. எண்ணைப் பார்த்து ஏமாறும் பழக்கம் எனக்கு அங்கேயே ஒட்டிக்கொண்டது போல.

எந்தப் பிராசசர் போடலாம் என்று தேட ஆரம்பித்தேன். இந்த போர்டில் பிராசசர் உட்காரும் சாக்கெட்டின் பெயர் எல்ஜிஏ 775. 2004-ல் வந்து ரொம்ப நாள் தாக்குப்பிடித்த சாக்கெட், பென்டியம் 4-லிருந்து கோர் 2 குவாட் வரை எல்லாம் அதில் உட்காரும். ஆனால் உட்காருவது வேறு, ஓடுவது வேறு. பிராசசருக்கும் சிப்செட்டுக்கும் நடுவில் ஓடும் பாதையின் வேகத்தை போர்டு தாங்க வேண்டும். பிராசசர் இழுக்கும் கரண்டை போர்டு கொடுக்க வேண்டும், ஈ5200-க்கு 65 வாட், நாலு கோர் என்றால் பெரும்பாலும் 95 அல்லது அதற்கு மேல். அப்புறம் போர்டில் இருக்கும் பயாஸுக்கு (ஆன் செய்ததும் முதலில் ஓடும் சின்ன மென்பொருள்) அந்தப் பிராசசரைத் தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஆன் செய்தால் ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். சிபியூ-இசட் என்ற சின்ன மென்பொருளை ஓடவிட்டு போர்டின் மாடல், பயாஸ் பதிப்பு இரண்டையும் குறித்துக்கொண்டு, போர்டு கம்பெனியின் தளத்தில் எந்தெந்தப் பிராசசர் எந்தப் பயாஸிலிருந்து ஓடும் என்ற பட்டியலைப் பார்த்தேன். பழைய கம்ப்யூட்டருக்குப் பிராசசர் மாற்ற நினைக்கிறவர்கள் வேறு எதைப் பார்க்காவிட்டாலும் இந்தப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். போர்டின் ரிவிஷன் எண்ணையும் சேர்த்து. ஒரே பெயரில் இரண்டு ரிவிஷன் வந்திருக்கும், ஒன்றில் ஓடுவது மற்றதில் ஓடாது.

பட்டியலில் இருந்தது கோர் 2 குவாட் க்யூ6600. 2007 ஜனவரியில் வந்தது, நாலு கோர், 8 எம்பி கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் சின்ன நினைவகம்), 1066 மெகாஹெர்ட்ஸ் பாதை, 2.4 கிகாஹெர்ட்ஸ். உள்ளதைச் சொன்னால் அது நாலு கோர் ஒரே சில்லு இல்லை, இரண்டு கோர் சில்லுகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே மூடியைப் போட்டு மூடியது. இந்தப் பக்கத்துச் சில்லு அந்தப் பக்கத்துச் சில்லிடம் பேச வேண்டுமென்றால் வெளியே போய் அந்த 1066 பாதையைச் சுற்றித்தான் வர வேண்டும். ஒரே வீட்டில் தனித்தனி சமையல் மாதிரி. அப்படியிருந்தும் அன்றைக்கு அது பெரிய ஆள்.

இதில் இரண்டு ரகம் உண்டு. முதலில் வந்தது பி3, 105 வாட். அதே வருஷம் பின்னால் வந்தது ஜி0, 95 வாட், சூடும் குறைவு. மூடியின் மேல் பொறித்திருக்கும் எழுத்தைப் பார்த்தால் தெரியும்: எஸ்எல்9யூஎம் என்றால் பி3, எஸ்எல்ஏசிஆர் என்றால் ஜி0. மூடி எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்று இன்டெல் கொடுத்த எல்லையும் வேறு வேறு, பி3-க்கு 62.2 டிகிரி, ஜி0-க்கு 71. மே மாதக் கும்பகோணத்தில், ஏசி இல்லாத முன்னறையில், இந்த ஒன்பது டிகிரி ரொம்பப் பெரிய விஷயம். எஸ்எல்ஏசிஆர், எஸ்எல்ஏசிஆர் என்று ஜபம் மாதிரி மனப்பாடம் செய்துவைத்தேன்.

2021 பிப்ரவரியில் சென்னை வீட்டைப் பார்த்துவிட்டு வரப் போனபோது ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஒரு நடை. மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே நுழைந்ததுமே ஒரு வாசனை வருமே, சால்டரிங் புகையும் புது பிளாஸ்டிக்கும் டீயும் சேர்ந்தது, மாஸ்க்கைத் தாண்டியும் வந்தது. பழைய பிராசசர் விற்கிற கடைகளில் நாலைந்து ஏறி இறங்கினேன். ஒரு கடையில் தெர்மாகோலில் முட்டை அடுக்குவது மாதிரி பிராசசர்களை அடுக்கிவைத்திருந்தார்கள். க்யூ6600 கேட்டதும் கடைக்காரர் ஒன்றை எடுத்து நீட்டினார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன், எஸ்எல்ஏசிஆர். இரண்டாயிரத்து இருநூறு சொன்னார், ஆயிரத்து எண்ணூறுக்குப் படிந்தது. "பேஸ்ட் ஒட்டியிருக்கு சார், தொடச்சுத் தர்றேன்" என்று உள்ளே எடுத்துப்போனார். பளபளவென்று வந்தது. ஃபோமில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஊருக்கு வந்து பிரித்துப் பார்த்தால் எஸ்எல்9யூஎம்.

வேண்டுமென்றே மாற்றினாரா, உள்ளே இருந்த பையன் தவறி வேறொன்றை எடுத்துக் கொடுத்தானா, எனக்குத் தெரியாது. போன் செய்தேன். "கொண்டாங்க சார், மாத்தித் தர்றேன்" என்று மரியாதையாகத்தான் சொன்னார். ஒரு பிராசசருக்காக 300 கிலோமீட்டர் யார் போவது? அம்மாவிடம் சொன்னபோது, "புடவைக்கடையில பில்லு போடறவரைக்கும் கண்ணை எடுக்காம நிக்கிறோம்ல, அது எதுக்குன்னு நெனச்ச?" என்றாள். அதற்குமேல் என்ன பேசுவது.

சரி, பி3-ஐயே போடலாம் என்று முடிவு செய்தேன். முதலில் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். மதர்போர்டிலுள்ள சின்னச் சில்லில் பழையதை அழித்துப் புதியதை எழுதும் வேலை, இரண்டு நிமிஷம்தான், ஆனால் அந்த இரண்டு நிமிஷத்தில் கரண்ட் போனால் போர்டு வெறும் தகடு. எங்கள் வீட்டு யூபிஎஸ்ஸுக்கு நம்பிக்கைத் துரோகம் செய்த வரலாறு உண்டு. அதற்குப் புது பேட்டரி போட்டு, பராமரிப்புக்காக மின்தடை என்று பேப்பரில் ஏதாவது போட்டிருக்கிறார்களா என்று பார்த்து, ராத்திரி பதினோரு மணிக்குமேல் உட்கார்ந்தேன். சதவீதம் ஏற ஏற நான் மூச்சு விட்டேனா என்று ஞாபகமில்லை. முடிந்தது.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினால் உள்ளே பதினோரு வருஷத்துத் தூசி. ஃபேனுக்கும் அலுமினியச் சிறகுகளுக்கும் நடுவில் அது சாம்பல் நிறக் கம்பளி மாதிரி படிந்து, கையால் எடுத்தால் ஒரே துண்டாக உரிந்து வந்தது. அதை எடுத்ததிலேயே மிஷின் நாலைந்து டிகிரி குளிர்ந்திருக்கும். பிராசசரின் சூட்டை வாங்கும் ஹீட்சிங்க்கை நேராக இழுக்காமல் லேசாக இடவலமாகத் திருகி எடுத்தேன், அடியில் சூட்டைக் கடத்தத் தடவியிருந்த பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புப் பொருக்காக உதிர்ந்தது. எல்ஜிஏ சாக்கெட்டில் ஒரு வேடிக்கை, ஊசிகள் பிராசசரில் இல்லை, போர்டில் இருக்கும். பிராசசரின் அடிப்பக்கம் வழுவழுப்பான தங்கப் புள்ளிகள், சாக்கெட்டில் 775 ஊசிகள், தலைமுடியை விடக் கொஞ்சம்தான் தடிமன், எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நெற்கதிர் மாதிரி நிற்கும். சட்டைக் கைநுனி பட்டால் போதும், ரெண்டு வளைந்துவிடும். அதனால் பழையதை எடுத்த கையோடு புதியதை நேராக மேலிருந்து இறக்க வேண்டும். பக்கவாட்டில் இரண்டு வெட்டு இருக்கும், மூலையில் ஒரு தங்க முக்கோணம், அது சாக்கெட்டின் அடையாளத்தோடு சேர வேண்டும். அழுத்தவே கூடாது, தானாக உட்கார வேண்டும். பிறகு மூடித் தகட்டை இறக்கிக் கம்பியை அமுக்கும்போது ஒரு நறநற சத்தம் வரும். எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு வயிற்றைக் கலக்கும், ஆனால் அது சாதாரணச் சத்தம்தான்.

ஹீட்சிங்க்தான் படுத்தியது. அதன் நாலு மூலையிலும் நாலு பிளாஸ்டிக் முளைகள், போர்டிலுள்ள ஓட்டைகளில் வைத்து அமுக்கினால் கிளிக் என்று பிடிக்க வேண்டும். எதிரெதிர் மூலையாக ஒவ்வொன்றாக அமுக்கினேன், போர்டு தோசைக்கல் மாதிரி வளைகிறது. நாலு கிளிக் கேட்டதாகத்தான் நினைத்தேன். ஆன் செய்தேன், ஒரு பீப், பயாஸ் திரையில் கோர் 2 குவாட் என்று வந்தது. மகள் கைதட்டினாள். நானும் ஒரு சுற்று பெருமையாகப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை காலை வகுப்பில் கொண்டுபோய் அவளை உட்காரவைத்தேன்.

இருபது நிமிஷத்தில் மிஷின் பொட்டென்று அணைந்தது. மறுபடி போட்டால் பத்து நிமிஷம். வெப்பத்தைக் காட்டும் மென்பொருளில் பார்த்தால் கோர்கள் 95-ஐத் தொட்டுக்கொண்டிருந்தன. நான் பி3-ஐத் திட்டினேன், ரிச்சி ஸ்ட்ரீட்டைத் திட்டினேன், ஈ5200-ன் கூடவே வந்த அந்தத் தட்டையான ஹீட்சிங்க்கைத் திட்டினேன். கடைசியாகச் சொன்னதில் கொஞ்சம் நியாயம் உண்டு, 65 வாட் பிராசசரோடு கொடுத்தது முழுக்க அலுமினியம், குட்டையானது. க்யூ6600-க்கு இன்டெல் கொடுத்ததே உயரமாக, நடுவில் செம்புத் தண்டு வைத்தது.

அப்பா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டுக்கொண்டு கேபினட்டுக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"ஏன்டா, இது சாஞ்சிருக்கே."

"எதுப்பா?"

"இந்த ஃபேனு. இடது பக்கம் கீழே உட்கார்ந்திருக்கு, வலது மூலை தூக்கிட்டு நிக்குது பாரு. அரை மில்லி இருக்கும்."

எனக்குத் தெரியவில்லை. மதர்போர்டைக் கழற்றிப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். மூன்று ஓட்டைகளில் வெள்ளை முளை விரிந்து கறுப்பு ஆணி நடுவில் எட்டிப் பார்த்தது. நாலாவதில் வெள்ளை மட்டும் பாதி நுழைந்து நின்றது. நாற்பது வருஷமாக மணமகன் பெயரும் மணமகள் பெயரும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பார்த்துப் பழகிய கண் அது, அரை மில்லிமீட்டர் தப்பாது. டாக்டரிடம் எக்ஸ்ரே காட்டிவிட்டு வந்த மாதிரி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். பெரிய தெருவில் சிஸ்டம் சர்வீஸ் செய்கிற ஒரு அண்ணனிடம் போய், கழித்துக் கட்டிய மிஷினிலிருந்து எடுத்த செம்புத் தண்டு ஹீட்சிங்க் ஒன்றை நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கிவந்தேன். கூடவே பேஸ்ட், பட்டாணி அளவு வைத்தால் போதும். இந்தத் தடவை போர்டை வெளியே எடுத்துவைத்தே நாலு முளையையும் மாட்டி, பின்பக்கம் பார்த்து உறுதி செய்துகொண்டு, அப்பாவிடமும் ஒருமுறை காட்டிவிட்டுத்தான் மூடினேன். வெப்பம் 70-க்குள் இறங்கியது.

வகுப்பு நன்றாக ஓடியது. ரோபோ மனுஷியானார். டாஸ்க் மேனேஜரில் நாலு கட்டம், ஒவ்வொன்றிலும் பாதி உயரத்துக்குக் கோடு. வீடியோவை விரிப்பது பங்குபோட்டுச் செய்யக்கூடிய வேலை, ஆட்கள் அதிகம் இருந்தால் சீக்கிரம் முடியும். பந்தியில் நாலு பேர் பரிமாறுவது மாதிரி. ராமையும் 4 ஜிபி ஆக்கினேன், அதுதான் ஜி31-ன் எல்லை, 32 பிட் விண்டோஸ் 7 அதிலும் மூணேகாலைத்தான் காட்டியது. இரண்டு நாள் நான் வீட்டில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அப்பாவிடம் கேட்டேன். "எப்படிப்பா இருக்கு? வேகமா?"

"எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே."

கோபம் வந்தது. நாலு கோர் போட்டிருக்கிறேன், ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் என்ன? பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பன்னிரண்டு பக்கக் கும்பாபிஷேக மலர், ஒரு படத்தை நகர்த்தினால் திரை ஒரு கணம் விக்கி நிற்கிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் 25 சதவீதம். அதற்குமேல் ஒரு புள்ளி ஏறவில்லை. அப்போதுதான் உறைத்தது. பேஜ்மேக்கர் எழுதப்பட்ட காலத்தில் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு கோருக்குமேல் யாரும் எதிர்பார்க்கவே இல்லை. அது ஒரே ஆளை வைத்து வேலை வாங்கத் தெரிந்த மென்பொருள். மற்ற மூன்று பேரும் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள். அந்த ஒரே ஆளைப் பார்த்தால், பழைய ஈ5200-ல் அவன் வேகம் 2.5 கிகாஹெர்ட்ஸ், புதிய க்யூ6600-ல் 2.4. நான் காசு கொடுத்து, கரண்ட் செலவை ஏற்றி, அப்பாவின் வேலைக்கு மிஷினைத் தம்பிடிகூட வேகப்படுத்தவில்லை. கேஷ் பெரிது என்பதால் நஷ்டமும் இல்லை, அவ்வளவுதான் சமாதானம்.

கிகாஹெர்ட்ஸ் எண்ணை மட்டும் பார்க்காதே என்று எல்லோருக்கும் பாடம் எடுக்கிறவன் நான். பென்டியம் 4 காலத்தில் இன்டெல் அந்த எண்ணை ஏற்றிக்கொண்டே போய் 3.8 வரை வந்தது, 4 கிகாஹெர்ட்ஸ் என்று அறிவித்ததை 2004 அக்டோபரில் கைவிட்டது, சூடு தாங்கவில்லை. பென்டியம் 4 ஒரு கட்டளையை 31 படிகளாகப் பிரித்துச் செய்தது, கோர் 2 அதையே 14 படிகளில் முடித்தது, அதனால்தான் எங்கள் 2.5 அந்த 3.8-ஐ விட நன்றாக ஓடும். இதெல்லாம் தெரிந்தவன்தான், கோர் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாந்துபோனேன். 66-க்குப் பதிலாக 4, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் அப்பாவிடம் ஒழுங்காகக் கேட்டேன், "எது செய்யறப்ப மெதுவா இருக்கு?" என்று. இதை முதல் நாளே கேட்டிருக்கலாம். படம் விக்குவது அவருக்குப் பெரிய விஷயமே இல்லையாம், பழகிவிட்டது. அவர் சொன்னது வேறு. காலையில் மிஷினைப் போட்டால் குளித்துவிட்டு வந்தாலும் திரை தயாராக இருக்காது. பேஜ்மேக்கரைத் திறந்தால் அடுத்த நிமிஷம்தான் வரும். எழுத்துருப் பட்டியலைக் கிளிக் செய்தால் அது விரிவதற்குள் வாடிக்கையாளர் "பரவால்லண்ணே, நாளைக்கு வர்றேன்" என்பார்.

கன்ட்ரோல் பேனலில் எழுத்துருக் கோப்புறையைத் திறந்தேன். அறுநூறுக்கு மேல் இருந்தது. ஒவ்வொரு தடவையும் விண்டோஸும் பேஜ்மேக்கரும் இவ்வளவையும் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்கின்றன. அந்த நேரத்தில் பிராசசர் 15 சதவீதம்கூட வேலை செய்யவில்லை, ஹார்ட் டிஸ்க் விளக்கு மட்டும் அணையாமல் எரிந்தது. ஒரு சின்னக் கணக்கு போட்டேன். நிமிஷத்துக்கு 7,200 சுற்று சுற்றும் டிஸ்க் ஒரு சுற்றுக்கு எட்டு மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் அதிகமாக எடுக்கும், வேண்டிய தகவல் தலைக்கு அடியில் வரச் சராசரியாக அதில் பாதி, தலை இடம்விட்டு இடம் நகர ஒன்பது பத்து மில்லிசெகண்ட், ஆக ஒரு துண்டைத் தேடி எடுக்கப் பதிமூன்று மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் 2.5 கிகாஹெர்ட்ஸ் பிராசசர் மூன்று கோடியே இருபத்தைந்து லட்சம் தடவை துடித்திருக்கும். சும்மா. வெறுங்கையோடு. நான் அந்தக் காத்திருக்கிறவனைத்தான் மாற்றியிருக்கிறேன், காக்கவைக்கிறவனை இல்லை.

"பாதி எழுத்துருவை எடுத்துடலாமாப்பா? நீ இருபதுக்குமேல உபயோகிக்கிறதே இல்ல."

"எவன் எப்ப எதைக் கேப்பான்னு தெரியாது. ஒண்ணுலயும் கை வைக்காதே."

முடிந்தது பேச்சுவார்த்தை. 240 ஜிபி எஸ்எஸ்டி (சுற்றும் தட்டே இல்லாத டிஸ்க்) ஒன்று வாங்கினேன், பிராசசருக்குக் கொடுத்ததை விடக் கொஞ்சம் கூடுதல். இந்த போர்டில் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா பாதை பழசு, எஸ்எஸ்டியின் முழு வேகத்தில் பாதிகூட வராது என்று தெரியும், டிஸ்க்கோடு பேசும் புது முறையான ஏஹெச்சிஐ வசதியும் இல்லை, பழைய ஐடிஇ முறையில்தான் ஓடும். பரவாயில்லை. சுற்றவும் வேண்டாம், தலை நகரவும் வேண்டாம், தேடும் நேரம் பதிமூன்றிலிருந்து ஒன்றுக்கும் கீழே விழுந்துவிடுகிறது, நமக்கு வேண்டியது அதுதான். பழைய டிஸ்க்கை அப்படியே பிரதியெடுத்து மாற்றினேன். இரண்டே முக்கால் நிமிஷம் எடுத்த விண்டோஸ் முப்பத்தைந்து செகண்டில் வந்தது. பேஜ்மேக்கர் எட்டு செகண்ட். அப்பா எழுத்துருப் பட்டியலைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போய் அம்மாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், "இவன் ஏதோ செஞ்சிருக்கான்" என்பது மட்டும் காதில் விழுந்தது.

2022 பிப்ரவரியில் பள்ளிகள் திறந்தன, நாங்கள் சென்னைக்குத் திரும்பினோம். மே மாதம் லீவுக்குப் போனபோது முன்னறையில் அந்த ஃபேன் சத்தம் மிக்ஸி மாதிரி கேட்டது. கரண்ட் போனால் யூபிஎஸ் ஏழு நிமிஷம்தான் தாங்குகிறது, முன்னே பன்னிரண்டு தாங்கும் என்றார் அப்பா. வீடியோ வகுப்பு இல்லை, நாலு கோருக்கு வேலையும் இல்லை, பேஜ்மேக்கர் இருபத்தைந்து சதவீதத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. மத்தியானம் எல்லோரும் தூங்கும்போது கேபினட்டைத் திறந்து, பேனா டப்பாவுக்குள் பத்திரிகைக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்த பழைய ஈ5200-ஐ எடுத்து மறுபடி மாட்டினேன், அந்த செம்புத் தண்டு ஹீட்சிங்க்கை மட்டும் விட்டுவைத்தேன். ஃபேன் சத்தம் காணாமல் போயிற்று.

சாயங்காலம் அப்பா உட்கார்ந்து ஒரு மஞ்சள் நீராட்டு விழாப் பத்திரிகையை ஆரம்பித்தார். நான் எதுவும் சொல்லவில்லை. அரை மணி நேரம் டக்டக் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் திரும்பாமலே கேட்டார்.

"திரும்ப ஏதாவது மாத்துனியா? இப்பதான்டா கொஞ்சம் வேகமா ஓடுது."